தென்னையின் தேமல்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே,
புதாற்றுத் தண்ணீர் களைத்து வந்து சேரும் தோப்பில்
செல்லக்கண்ணு கேட்டார்:
"இந்தத் தேமலச் சொரண்டவா பஸ் ஏறி வந்தீங்க?"

தேமல்தான்.
கஜாவுக்குத் தப்பிய பதினோரு மரங்களில்
சாம்பலும் வெளிர்பச்சையுமாய்த் திட்டுத் திட்டாக.
சிலவற்றின் நடுவே கறுப்புக் கோடுகள்,
எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன்
வட்டெழுத்துப் பழகியது போல.
பழைய புலவன் சுணங்கு என்று
அழகில் சேர்த்திருப்பான்.
செல்லக்கண்ணு நோயில் சேர்த்தார்.
தை பிறக்கட்டும், சுண்ணாம்பு அடிச்சிடுறேன் என்றார்.

நோயில்லை என்றேன். லைக்கன்.
ஒரு பாசி வெயிலில் சமைக்கிறது,
ஒரு பூஞ்சை அதற்குக் கூரை போடுகிறது.
"அப்ப யாரு நிலம், யாரு குத்தகை?"
அந்த வழக்கு
எங்கள் ஆட்களிடமும் இன்னும் முடியவில்லை.

பொட்டாஷ் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன்.
முதலில் மஞ்சள்.
அவர் பீடியைப் பற்றவைத்து முடிப்பதற்குள்
ஆரத்தித் தட்டுச் சிவப்பு.
குனிந்து பார்த்தவர்
பீடியை எடுத்துவிட்டு
"உள்ள ஏதோ இருக்கு" என்றார்.
ஆறு வருட ஆராய்ச்சியில்
நானும் அதற்கு மேல் ஒன்றும் எழுதிவிடவில்லை.

வருஷத்துக்கு ஒரு நெல்முனை அகலம் வளர்கிறது.
நான் ஒரு பகலில் சுரண்டியது
என் வயதுக்கு மூத்தது.
காகித உறை, தேதி, மரத்தின் எண்.
மன்னார்குடி ஆய்வகத்தில் அசிட்டோனில் ஊறி
கடைசியில் மிஞ்சியது
ஒரு சிட்டிகை உப்பு அளவு.

ஆஸ்பத்திரிப் புண்ணிலிருந்து வந்த கிருமி அது.
கொடுத்த மருந்துக்கெல்லாம்
தாளில் 'கேட்காது', 'கேட்காது' என்று வந்திருந்தது.
அதைத் தட்டு முழுக்க வளரவிட்டு
நடுவில் இந்தச் சிட்டிகையை வைத்தேன்.
காலையில் கதவைத் திறந்தால்
சுற்றிலும் சுத்தமான ஒரு வட்டம்.
பதினேழு மில்லிமீட்டர்.
மூன்று முறை அளந்தேன்.
நான்காவது முறை அளக்கப் பயமாயிருந்தது.

அன்று மத்தியானம் யாரிடமும் சொல்லாமல்
கேண்டீனில் இரண்டு மைசூர்பாகு தின்றேன்.

அடுத்த மாதம் அதே துளி
ஈரல் செல்கள் மேல்.
அவையும் செத்தன.
கிருமி எது குடும்பம் எது என்று
மரத்தில் வளர்ந்ததற்கு யார் சொல்லிக் கொடுத்தது?
அறிக்கையில் 'மேலாய்வு தேவை' என்று எழுதினேன்.
அந்த இரண்டு சொல்லுக்குள்
எத்தனை எலிகள், எத்தனை வருஷம்,
எத்தனை நிராகரித்த நிதி விண்ணப்பம்.

மார்கழி முடிவில் போன்.
"மலர்க்கொடிக்குக் கால்ல புண்ணு, சர்க்கரை,
ஆறவே மாட்டேங்குது.
அந்தத் தேமல அரைச்சு வச்சுக் கட்டலாமா?
நீங்கதான கிருமி செத்துச்சுன்னீங்க."

தட்டில் செத்தது என்றேன்.
காலில் வேண்டாம் என்றேன்.
தஞ்சாவூருக்குக் கூட்டிப் போங்கள், இன்றைக்கே.
மறுமுனையில் பம்புசெட் ஓடும் சத்தம்
வெகு நேரம் கேட்டது.
"அப்ப எதுக்குங்க அது?"

பதில் இருந்தது.
இருபது வருஷம் கழித்துச் சொல்ல வேண்டிய பதில்.

மாசியில் போனேன்.
மலர்க்கொடி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.
சுண்டுவிரல் இல்லை, புண் காய்ந்திருந்தது.
மோர் கொடுக்கச் சொன்னாள்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

தோப்பில் பதினோரு மரமும் வெள்ளை,
செல்லக்கண்ணுவின் கை எட்டிய உயரம் வரை.
அதற்கு மேலே
சாம்பலும் பச்சையும், கறுப்புக் கோடுகளும்
அப்படியே இருந்தன.

அண்ணாந்து பார்த்தபடி
ஏணி இருக்குமா என்று கேட்டேன்.
அவர் பதில் சொல்லவில்லை.
போய் எடுத்து வந்தார்.